திமிங்கிலத்துக்கு ஞாயிறு விடுமுறை

அந்தப் பெண் திமிங்கிலப் பாலை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டபோது நான் தடுக்கவில்லை. மிச்சத்தைப் பிடித்து வைக்கக் குப்பி கேட்டாள். என்னுடைய தண்ணீர்க் குப்பியைக் காலி செய்து கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைப் பார்த்து நான் முகம் சுளிக்கும்போது, இவன் மட்டும் யோக்கியனா என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

என் பெயர் லிசியாட்டே. டோங்காவில் நெயாஃபு எங்கள் ஊர். ஆக்லாந்தில் ஆடு அறுக்கும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் உழைத்து, அந்தக் காசில் ஒரு படகு வாங்கி வந்தேன். இரண்டு வருடம் மீன் பிடித்தேன். அவ்வளவுதான் அது என் படகாக இருந்த காலம். என் அக்கா மகலேட்டாவின் மகன் கெலெப்பி சிட்னியிலிருந்து வந்து இறங்கினான். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். எஞ்சினைத் தட்டினான்.

"மாமா, இந்தப் படகு எனக்கு வேணும். நான் கேக்கறேன்."

அக்கா மகன் அப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் தாய்மாமன் கொடுக்க வேண்டும். பன்றி கேட்டால் பன்றி, பாய் கேட்டால் பாய். முடியாது என்று சொன்ன மாமனை நான் கண்டதில்லை. அப்படிச் சொன்னவன் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் நிமிர்ந்து உட்கார முடியாது. சாவியைக் கொடுத்தேன். அவன் படகுக்கு வெள்ளை அடித்து, பக்கத்தில் திமிங்கில வால் வரைந்து, 'கடலை மதிப்போம்' என்று எழுதினான். பிளாஸ்டிக் பாட்டில் கடலுக்கு ஆகாது என்று எஃகுக் குப்பிகள் இரண்டு டஜன் வரவழைத்தான். எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் அதே வால், அதே வாசகம். ஆறு வருடமாக அவன் படகை ஓட்டுகிறான். நான் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறேன். வழிகாட்டி அட்டை என் பெயரில் இருக்கிறது. அவனுக்குத் தண்ணீருக்குள் காது வலிக்கும்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தாய்த் திமிங்கிலங்கள் பனிக்கடலிலிருந்து இங்கே வந்து குட்டி போடும். பவளப்பாறைக்கு உள்பக்கம் அலை இல்லை, சுறாத் தொல்லை குறைவு. தாய் மாதக்கணக்கில் எதுவும் தின்னாது. தன் உடம்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கும். குட்டி குடிக்கும், தூங்கும், மூச்சு விட மேலே வரும். அதற்கு வேறு வேலை கிடையாது.

நாங்கள்தான் வேலை வைக்கிறோம். ஒரு நேரத்தில் நாலு பேர், ஒரு வழிகாட்டி, ஒன்றரை மணி நேரம், அப்புறம் அந்தத் தாயையும் குட்டியையும் ஒன்றரை மணி நேரம் சும்மா விட வேண்டும். சட்டம் இருக்கிறது. அந்த ஓய்வு நேரம் வந்தால் கெலெப்பி வயர்லெஸ்ஸை எடுத்துப் பக்கத்துப் படகுக்குச் சொல்வான்: "இங்க காபி ஆறிடுச்சு, வந்து எடுத்துக்கோ." நாங்கள் விலகுவோம், அந்தப் படகு வரும். அது விலகும்போது அடுத்தது. ஒவ்வொரு படகும் சட்டப்படிதான் நடக்கிறது. குட்டி மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் மூடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் படகில் நாலு பேர். கார்ஸ்டன் என்ற ஜெர்மன்காரர், ஒரு மைக்ரோவேவ் அடுப்பு அளவுக்குக் கேமரா வைத்திருந்தார். ஓடில் என்ற பிரெஞ்சுக்காரி, தன் ஊரில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவளாம். மெல்பர்னிலிருந்து ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் தம்பதி துறையை விட்டு இருபது நிமிடத்தில் ஆளுக்கொரு வாளியைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் தின்ற பப்பாளி அப்படியே வந்தது. அதைக் கடலில் கொட்டினேன். ஓடில் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் காற்று எவ்வளவு சுத்தம் என்றாள்.

திமிங்கிலம் மூச்சு விட்டால் அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். எனக்கு அது பழகிவிட்டது. பழகாதது இவர்கள் நாற்றம். ரப்பர் உடைக்குள்ளேயே மூத்திரம் போவார்கள், குளிருக்கு இதமாக இருக்கிறதாம். அந்த உடைகளைச் சாயங்காலம் கழுவுவது நான். முகக் கண்ணாடியில் மூக்குச்சளி. உடம்பு பூரா வெயில் க்ரீம். அவர்கள் குதித்த இடத்தில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவி ஊற்றின மாதிரி வட்டம் வட்டமாக மிதக்கும். அதன் நடுவில் நின்றுகொண்டு, நாம் இங்கே விருந்தாளிகள், எதையும் தொடக் கூடாது என்று நான் பாடம் சொல்வேன்.

தென்னந்தீவுக்குப் பின்னால் இருக்கும் வளைகுடாவில் அந்தத் தாயும் குட்டியும் மூன்று நாளாக இருந்தன. பிறந்து பத்து நாள் இருக்கும், முதுகுத் துடுப்பு இன்னும் முழுசாக நிமிரவில்லை. அன்றைக்கு நாங்கள் மூன்றாவது படகு. நல்ல குட்டி நாலு நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வரும். இது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. தாய் அதைத் தன் மூக்கின் மேல் தாங்கி நகர்த்திக்கொண்டே இருந்தது. நகர்ந்த பக்கமெல்லாம் கெலெப்பி படகைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினான்.

நான் மேலே ஏறி, குட்டிக்கு முடியவில்லை, போதும் என்றேன். மாமாவுக்குத்தான் முடியவில்லை போலிருக்கிறது, வயசாகிவிட்டது என்று அவன் சிரித்தான். விருந்தாளிகளும் சிரித்தார்கள். மறுபடி இறங்கினோம்.

ஐந்தாவது முறை இறங்கியபோது தாய் ஒரு வழியாக அசையாமல் நின்றது. குட்டி அடியில் போய்ப் பால் குடிக்கத் தொடங்கியது. நான் கையை விரித்து எல்லோரையும் நிறுத்தினேன். கார்ஸ்டன் என் கைக்குக் கீழே புகுந்து நேராகக் கீழே போனார். அவருக்குத் திமிங்கிலத்தின் கண் வேண்டும். கண் மட்டும், படம் முழுக்க. மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. தாயின் அடிவயிற்றுக்குப் பக்கத்தில் போய், குட்டியின் கண்ணுக்கு நேராக விளக்கைப் போட்டார். குட்டி துள்ளி வாயை எடுத்தது. பால் பீறிட்டது.

திமிங்கிலப் பால் தண்ணீர் மாதிரி இருக்காது. பற்பசை மாதிரி கெட்டியாக, வெள்ளையில் லேசான சிவப்போடு இருக்கும். கட்டி கட்டியாக மேலே மிதந்து வந்தது. தாய் குட்டியை இழுத்துக்கொண்டு பாறை ஓரமாகப் போய்விட்டது. ஓடில் அந்தக் கட்டிகளை இரண்டு கையாலும் அள்ளிக் கன்னத்திலும் நெற்றியிலும் தேய்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். தாய் எனக்குக் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள் என்றாள். கார்ஸ்டன் கேமராவை அவள் பக்கம் திருப்பினார். அவள் குப்பி கேட்டாள், நான் படகிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆறு வருடமாகக் கேட்டதைக் கொடுத்துப் பழகிய கை. நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

ஆட்டுத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு மூவாயிரம் ஆடு அறுத்தோம். ரத்தம் முழங்கால் வரை தெறிக்கும். அங்கே ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. அன்றைக்குக் குமட்டியது. டாக்டரின் வாளியை வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நாளைக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கிறிஸ்தவ நாட்டில் கடையே திறக்காது, படகு எப்படிப் போகும்? வாரத்தில் அந்த ஒரு நாள் திமிங்கிலத்துக்கும் விடுமுறை. குட்டி வயிறு நிறையக் குடித்து ஒரு பகல் தூங்கினால் தேறிவிடும். தேறினால் தாய் அதைக் கூட்டிக்கொண்டு பாறைக்கு வெளியே ஆழத்துக்குப் போய்விடும். அந்த ஒரு பகல் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

துறையில் இறங்கியதும் கெலெப்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். கார்ஸ்டன் திங்கட்கிழமை மதியம் விமானம் ஏறுகிறார், கண் படம் இன்னும் கிடைக்கவில்லை, நாளைக்குப் போகலாம் என்றான்.

"நாளைக்கு ஞாயிறு," என்றேன்.

"தெரியும் மாமா. பத்து மணிக்கு ஊரே கோயில்ல இருக்கும். ஒரு படகு இருக்காது. யாராவது கேட்டா குடும்பத்தோட சுத்திப் பாக்கப் போனோம்னு சொல்லிக்கலாம். நீங்கதான கண்டுபிடிச்சுத் தரணும்."

"வேண்டாம் கெலெப்பி."

"மாமா," என்றான், என் தோளில் கை வைத்து. "நான் கேக்கறேன்."

அதற்கு மேல் எனக்கு வாய் கிடையாது. அக்காவிடம் போய் உன் மகன் இப்படிச் செய்கிறான் என்று சொல்லவும் முடியாது. அக்காவும் நானும் ஒரு அறையில் உட்கார்ந்து பேசி நாற்பது வருடம் ஆகிறது. வயசுக்கு வந்த அண்ணன் தங்கை, அக்கா தம்பிக்கு இங்கே அதுதான் மரியாதை. அவள் மகனைப் பற்றிக் குறை சொல்வது அவள் முகத்திலேயே துப்புவது.

ஆனால் கெலெப்பிக்கும் மேலே ஓர் ஆள் உண்டு. அவனுடைய செத்துப்போன அப்பாவின் அக்கா, உங்காதேயா. தாய்மாமன் மேல் அவனுக்கு எவ்வளவு உரிமையோ, அதைப்போல இரண்டு மடங்கு அந்த அத்தைக்கு அவன் மேல். அவள் எதிரில் அவன் சாப்பிட மாட்டான். அவள் உட்கார்ந்திருந்தால் அவன் தலை அவள் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. அவளைத் தாண்டிக் கால் வைக்கவே கூடாது. எழுபத்துநாலு வயசு. கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு வள்ளிக்கிழங்குக் கூடையோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு சமையலுக்குச் சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் டின் இறைச்சியும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். திமிங்கிலம், குட்டி, பால் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படகு எடுக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவள் தடை போடுவாள், ஆள் அனுப்பிக் கூப்பிட்டுத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இலையைக் கட்டி முடித்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"பத்துக்கு."

"கிழங்கு சின்னதா இருக்கு," என்றாள். நான் வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. துறையில் எங்களைத் தவிர ஒரு நாய்தான். நாலு பேரும் ஏறிவிட்டார்கள். கயிற்றை நான் அவிழ்க்கப் போகும்போது உங்காதேயா வந்தாள். கறுப்புப் பாவாடை, கோயிலுக்குப் போகும்போது எங்கள் ஊரில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாய், பூ வைத்த தொப்பி, கையில் பாட்டுப் புத்தகம். யாரையும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினாள். பெஞ்சில் உட்காரவில்லை. ஸ்டியரிங் இருக்கும் மேடைக்குப் போகிற குறுகலான வழியில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வழி அடைபட்டது.

ஸ்டியரிங் பக்கம் போகவிருந்த கெலெப்பி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தலை குனிந்துவிட்டது.

"அத்தை, கோயிலுக்கு நேரமாகுதே," என்றான்.

"குடும்பத்தோட சுத்திப் பாக்கப் போறியாமே. நான் குடும்பம் இல்லையா?"

என்ன நடக்கிறது என்று கார்ஸ்டன் கேட்டார். அந்தப் பாட்டியைச் சுற்றிக்கொண்டு விளிம்பு வழியாகக் கெலெப்பியைப் போகச் சொல்லுங்கள் என்றார். விளிம்பில் நின்றால் அவன் கால் அவள் தலைக்கு நேராக இருக்கும் என்று எப்படி விளக்குவது? ஓடிலுக்கு மட்டும் சந்தோஷம். ஊர்ப் பெரியவள் ஆசீர்வதிக்க வந்திருக்கிறாள் என்று கைகூப்பினாள்.

கெலெப்பி குனிந்தபடியே என் பக்கம் நகர்ந்தான். "மாமா, நீங்க ஓட்டுங்க. நீங்க விளிம்புல போகலாம். உங்களுக்கு அவங்க அத்தை இல்லையே."

அது உண்மை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிழவி அவன் காலை மட்டும் கட்டிப்போட்டிருக்கிறாள். என் காலை விட்டுவிட்டாள். நான் சொல்ல வேண்டிய 'முடியாது' என்ற சொல்லை அவள் சொல்லட்டும் என்று ஒரு கூடைக் கிழங்கோடு போனேன் அல்லவா? அதைத் திருப்பி என் மடியிலேயே போட்டுவிட்டாள்.

வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். நான் போனேன். விளிம்பைப் பிடித்து நடந்து ஸ்டியரிங் முன்னால் நின்றேன். அவன் தந்த சாவியை நுழைத்தேன்.

"தண்ணி குடு," என்றாள் உங்காதேயா, யாரையும் பார்க்காமல்.

கெலெப்பி நிமிராமல், பின்பக்கமாகக் கையை நீட்டி, ஐஸ் பெட்டியைத் திறந்து, கைக்குக் கிடைத்த குப்பியை எடுத்தான். முழங்காலில் நகர்ந்து வந்து, கண்ணைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் கொடுத்தான். அத்தைக்குக் கொடுக்கும்போது பார்க்கக் கூடாது. பார்த்திருந்தால் மூடியில் ஓடில் கட்டி வைத்த நீல ரிப்பன் தெரிந்திருக்கும்.

உங்காதேயா மூடியைத் திறந்து ஒரு வாய் நிறையக் கவிழ்த்துக்கொண்டாள்.

ராத்திரி முழுக்க ஐஸ் உருகி வெதுவெதுத்த தண்ணீராகக் கிடந்த பெட்டி அது. பால் திரிந்து, மீன்குடலும் பழைய நெய்யும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் படகு முழுக்க எழுந்தது. டாக்டரின் மனைவி எழுந்து துறைக்கே ஓடிவிட்டாள். உங்காதேயாவின் கன்னம் உப்பியபடி நின்றது. பிறகு தன் கோயில் பாயின் மேலேயே துப்பினாள். மஞ்சள் கட்டி பாயின் பின்னலில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாய் அவள் தாயின் சாவுக்குக் கட்டியது.

"என்ன இது?" என்றாள்.

ஓடில் பதறிப்போய், அது புனிதமானது, துப்பக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். உங்காதேயா என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு."

சொன்னேன். குட்டி குடித்துக்கொண்டிருந்தது, இவர் கீழே போய் விளக்கைப் போட்டார், பால் சிந்தியது, இந்த அம்மாள் முகத்தில் பூசினாள், குப்பி கொடுத்தது நான். ஒன்றையும் விடவில்லை.

அவள் குப்பியில் இருந்த மிச்சத்தைக் கடலில் கொட்டிவிட்டு, பாவாடை ஓரத்தால் நாக்கைத் துடைத்தாள்.

"ராஜா திமிங்கில வேட்டையை நிறுத்தறதுக்கு முன்னாடி எங்கப்பா ஈட்டி எறிஞ்சவர்," என்றாள். "நானும் தின்னிருக்கேன். நல்லா இருக்கும், மாட்டுக்கறி மாதிரி. கொன்னோம், தின்னோம், எலும்பைப் புதைச்சோம். குழந்தை வாயிலேருந்து பிடுங்கி மூஞ்சில பூசிக்கல."

கார்ஸ்டன் கடிகாரத்தைப் பார்த்து, கால் மணி நேரம் போய்விட்டது, வெளிச்சம் மாறிவிடும் என்றார். கெலெப்பியின் காது சிவந்திருந்தது. அவன் தலை நிமிரவில்லை. ஆனாலும் கேட்டான். அவனை எனக்குத் தெரியும், கேட்காமல் இருக்க மாட்டான்.

"மாமா. கிளப்புங்க. நான் கேக்கறேன்."

நான் சாவியை உருவினேன். விளிம்பு வழியாகத் திரும்பி வந்து அவன் கையில் வைத்தேன்.

"படகு உன்னோடது, எடுத்துக்கோ. என் கையைக் கேக்காதே, தர மாட்டேன்."

"மாமா!"

"முடியாதுன்னு சொல்றேன் கெலெப்பி. உங்க அம்மாகிட்டயும் சொல்லு, மாமா முடியாதுன்னு சொன்னான்னு."

எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அவன் கையில் சாவி இருந்தது. முன்னால் அத்தையின் கால் இருந்தது. உங்காதேயா புத்தகத்தைத் திறந்து, கறை படிந்த பாயோடு, முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தாள். கோயில் முடியும்வரை பதினாலு பாட்டு. நாலாவது பாட்டில் விருந்தாளிகள் இறங்கிப் போய்விட்டார்கள். ஓடில் காலிக் குப்பியைத் தூக்கிப் பார்த்து மறுபடியும் அழுதாள்.

அக்கா வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியம் எனக்கு இரண்டு இலைப் பொட்டலம் வரும். நான் ஊர் திரும்பிய எட்டு வருடமாக ஒரு வாரம் தவறியதில்லை. அன்றைக்கு வரவில்லை. ஊர் எப்படிப் பேசியது என்பதைத் திங்கட்கிழமை கடையில் ரொட்டி வாங்கப் போனபோது தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அதே திங்கட்கிழமை காலை கெலெப்பி வேறு வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு போனான். வளைகுடா காலி. தாயும் இல்லை, குட்டியும் இல்லை. வெளிப்பாறையைத் தாண்டி இரண்டு மூச்சு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது, மேற்கே போனதைத் தூண்டில்காரர் ஒருவர் விடிகாலையில் பார்த்திருக்கிறார். கார்ஸ்டன் கண் இல்லாமலேயே விமானம் ஏறினார். ஓடில் அழுத படத்துக்கு லட்சம் பேர் இதயம் போட்டிருக்கிறார்களாம். கெலெப்பிக்கு அடுத்த வருடம் செப்டம்பர் வரை இடம் நிறைந்துவிட்டது.

குப்பி என்னிடம்தான் இருக்கிறது. உங்காதேயா அதைப் படகிலிருந்து எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனாள். மூன்று முறை கொதிக்க வைத்தேன், எலுமிச்சை இலை போட்டு ஊற வைத்தேன், மணல் போட்டுத் தேய்த்தேன். 'கடலை மதிப்போம்' என்ற எழுத்துகூடப் பாதி அழிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் அந்த நாற்றம் அப்படியே வருகிறது.